உயிர்க்குலத்தின் உறவுமுறை

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலே கிராம்பு இருக்கிறது. திருவானைக்காவலுக்கு ஜம்புகேஸ்வரம் என்ற பெயர் வரக் காரணமான நாவல் மரம் காவிரிக்கரை ஊர்களில் நிழல் தருகிறது. கொல்லையிலே கொய்யா காய்க்கிறது. சளி பிடித்தால் நாம் தேய்த்துக்கொள்ளும் யூகலிப்டஸ் தைலம், தைல மரத்தின் இலையிலிருந்து வடிக்கப்படுகிறது. இவை நான்குக்கும் என்ன உறவு? ஒன்று சமையலுக்கு, இரண்டு உண்பதற்கு, ஒன்று மருந்துக்கு. உறவு ஏதும் இல்லை என்றே எவரும் சொல்வர்.

தாவரவியலாரோ இந்நான்கையும் ஒரே குடும்பத்தில் சேர்த்திருக்கின்றனர். அதிலும் கிராம்பும் நாவலும் மிக நெருங்கிய சொந்தம். இதை நாமே சோதித்துப் பார்க்கலாம். கிராம்பு என்பது மலருமுன் பறித்து உலர்த்திய மொட்டு. அதை வெந்நீரில் ஊறவைத்து, உச்சியில் உள்ள சிறு உருண்டையை ஊசியால் மெல்லப் பிரித்தால், ஒன்றையொன்று மூடிய இதழ்களே அவ்வுருண்டை என்பது விளங்கும். உள்ளே மகரந்தத் தாள்கள் ஏராளமாக மடங்கிக் கிடக்கும். நாவல் பூ மலரும்போதும் இதழ்கள் ஒரு மூடிபோலக் கழன்று விழ, தாள்கள் கற்றையாக வெளியே வருகின்றன. தைல மரத்தின் மொட்டிலும் இத்தகைய மூடி உண்டு. கொய்யாப் பூவிலும் எண்ணற்ற தாள்கள். நாவல், கொய்யா இலைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தினாற்போன்ற புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் மணக்கும்.

பயனைப் பார்த்தால் அயலார். பூவைப் பார்த்தால் உறவினர்! இவ்வுறவைக் கண்டறிந்து முறைப்படுத்துவதே வகைப்பாட்டியல். அவ்வுறவு எப்படி ஏற்பட்டது என்று விளக்குவதே பரிணாமக் கொள்கை. இவை இரண்டும் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துவிடும் பாடங்கள் அல்ல. நம் உணவு, நம் உடல்நலம், நாம் பிற மனிதரைப் பார்க்கும் பார்வை ஆகிய மூன்றும் இவற்றோடு பிணைந்திருக்கின்றன. எப்படி என்று காண்போம்.

பெயரிடும் பணி

தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தில், இறைவன் விலங்குகளையும் பறவைகளையும் மனிதனிடம் கொண்டுவருகிறார். மனிதன் அவற்றுக்குப் பெயரிடுகிறான். பெயரிடுவது மனிதனின் மிகப் பழைய தொழில் எனலாம்.

தமிழர்களும் இதில் பின்தங்கியவர் அல்லர். தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்கள் அறிவின் அடிப்படையில் ஆறு படிகளாக வகுக்கப்பட்டுள்ளன. தொடு உணர்வு மட்டும் உடைய புல்லும் மரமும் ஓரறிவுயிர், நத்தையும் சிப்பியும் ஈரறிவுயிர், கறையானும் எறும்பும் மூவறிவுயிர், நண்டும் தும்பியும் நாலறிவுயிர், விலங்குகள் ஐயறிவுயிர், மனதையும் பெற்ற மக்கள் ஆறறிவுயிர். இக்கால அறிவியல் இப்பாகுபாட்டை அப்படியே ஏற்பதில்லை. ஆயினும் உயிர்களைக் கூர்ந்து நோக்கி, ஒரு பொது அளவுகோலைக் கொண்டு அவற்றை ஒழுங்குபடுத்த முற்பட்ட அந்த அறிவு போற்றுதற்குரியது.

உலகம் முழுவதும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்க வேண்டுமானால் பெயர் பொதுவாக இருக்கவேண்டும். நாம் பப்பாளி என்பதை இலங்கைத் தமிழர் பப்பாசி என்பர். தமிழுக்குள்ளேயே இப்படியென்றால் பிற மொழிகளைச் சொல்லவும் வேண்டுமோ? இக்குறையை நீக்கியவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ். 1753-இல் தாவரங்களுக்கும், 1758-இல் விலங்குகளுக்கும் அவர் இரு சொற்களால் ஆன பெயர்களை முறையாகச் சூட்டினார். முதற்சொல் பேரினத்தையும், இரண்டும் சேர்ந்து சிற்றினத்தையும் குறிக்கும். நாவலின் பெயர் சைசிஜியம் குமினி. கிராம்பின் பெயர் சைசிஜியம் அரோமாட்டிகம். முதற்சொல் ஒன்றாக இருப்பதைக் காண்க. பெயரே உறவைச் சொல்லிவிடுகிறதன்றோ!

இம்முறை நம் நாட்டுக்கு வந்த வழியும் நமக்கு அண்மையில் உள்ளதே. லின்னேயஸிடம் பயின்ற கோனிக் என்ற மருத்துவர் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழகத்துச் செடிகொடிகளை ஆராயத் தொடங்கினார். தம் மாணவரைச் சிறப்பிக்கும் வகையில் லின்னேயஸ் ஒரு செடிக்குப் பெர்கெரா கோனிகி என்று பெயர் வைத்தார். அது எந்தச் செடி தெரியுமா? நாம் நாள்தோறும் தாளிப்பில் போடும் கறிவேப்பிலைதான்!

முகவரியா, வம்சாவளியா?

ஒரு கடிதத்தின் முகவரியைப் பாருங்கள். மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர், தெரு, கதவு எண் என்று பெரியதிலிருந்து சிறியதற்குப் போகலாம். உயிரினங்களுக்கும் அவ்வாறே உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற ஏழு படிகள் உண்டு. நம்மையே எடுத்துக்கொள்வோம். நாம் விலங்குலகம், முதுகுநாணுள்ளவை என்ற தொகுதி, பாலூட்டிகள் என்ற வகுப்பு, பிரைமேட்டுகள் என்ற வரிசை, ஹோமினிடே குடும்பம், ஹோமோ பேரினம், சேப்பியன்ஸ் சிற்றினம்.

ஆனால் முகவரி மனிதன் தன் வசதிக்காக ஏற்படுத்தியது. உயிரினங்களின் வகைப்பாடும் அப்படித்தானா? இக்கேள்விக்கு ஒரு வண்ணத்துப்பூச்சி விடை சொல்கிறது. எலுமிச்சை அழகி என்றும் கறிவேப்பிலை அழகி என்றும் தமிழில் பெயர் பெற்ற இரு வண்ணத்துப்பூச்சிகள் உள்ளன. இவற்றின் புழுக்கள் எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை போன்ற செடிகளின் இலைகளைத் தின்று வளர்கின்றன. வேம்பையோ மாவையோ நாடுவதில்லை. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை மூன்றும் ரூட்டேசி என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்துக்குரிய இரசாயனப் பொருள்களைக் கொண்டு தாய்ப்பூச்சி செடியை அடையாளம் கண்டு முட்டையிடுகிறது. லின்னேயஸ் பிறப்பதற்கு முன்பே, படிக்காத ஒரு பூச்சி அக்குடும்பத்தை அறிந்திருந்தது! ஸ்ரீரங்கம் மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே வனத்துறை 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குச் செல்லும் மாணவியர், பூக்களை மட்டும் பாராமல், புழுக்கள் எந்த இலையில் இருக்கின்றன என்பதையும் கவனிக்கவேண்டும்.

ஆகவே வகைப்பாடு என்பது வெறும் முகவரி அன்று, அது வம்சாவளி. உயிரினங்கள் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம், அவை ஒரே முன்னோரிடமிருந்து வழிவழியாக மாறி வந்தவை என்பதே. இதை எடுத்துரைத்தவர்கள் சார்லஸ் டார்வினும் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸும். இருவரின் கட்டுரைகளும் 1858-இல் இலண்டனில், லின்னேயஸின் பெயரால் அமைந்த சங்கத்திலேயே படிக்கப்பட்டன. மறு ஆண்டில் டார்வினின் பெருநூல் வெளிவந்தது. மனிதனின் கையிலும் வௌவாலின் சிறகிலும் திமிங்கிலத்தின் துடுப்பிலும் அதே எலும்புகள் அதே வரிசையில் அமைந்திருப்பது ஏன் என்பதற்கு அவர்கள் விடை தந்தனர்.

கல்லில் எழுதிய சரித்திரம்

சான்று வேண்டுமென்றால் வெகுதூரம் போகவேண்டியதில்லை. திருச்சியிலிருந்து வடக்கே ஊட்டத்தூர், காரை, அரியலூர் வரை ஒரு காலத்தில் கடல் இருந்தது. அங்குள்ள பாறை அடுக்குகளை ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என நிலவியலார் மூன்றாகப் பிரித்துள்ளனர். நம் ஊரின் பெயர் உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்றிருப்பது நமக்குப் பெருமையே.

காரையின் செம்மண் ஓடைகளில் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கடலுயிர்களின் எச்சங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் ஆட்டுக்கடாவின் கொம்புபோலச் சுருண்ட அம்மோனைட்டுகள் குறிப்பிடத்தக்கவை. அடியடுக்கில் காணும் அம்மோனைட் வகைகள் மேலடுக்கில் இல்லை; வேறு வகைகள் உள்ளன. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அக்குலமே அழிந்துபோயிற்று. அவற்றின் உறவினர்களான கணவாயும் சாக்குக்கணவாயும் இன்றும் நம் கடலில் வாழ்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள கல்லாகிய மரம் கிடக்கிறது. 1940-இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். அது ஊசியிலை மரங்களின் இனம். இன்று அத்தகைய மரங்கள் அச்சமவெளியில் இயற்கையாக வளர்வதில்லை. ஏட்டை அடுக்கடுக்காகப் புரட்டுவதுபோல அப்பாறைகளைப் புரட்டினால், உயிர்கள் மாறி வந்த கதையை அங்கே படிக்கலாம்.

மாற்றம் நிகழும் விதம்

உயிர்கள் எப்படி மாறுகின்றன? இதை விளக்கக் கொசுவே போதும். ஒரு குட்டையில் ஆயிரக்கணக்கான கொசுக்கள் பிறக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவற்றுக்குள் சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. டி.டி.டி. மருந்து தெளித்தால் பெரும்பாலானவை மடிகின்றன. பிறவியிலேயே அம்மருந்தைத் தாங்கும் தன்மை பெற்ற ஒன்றிரண்டு பிழைக்கின்றன. அடுத்த தலைமுறை அவற்றின் பிள்ளைகளே. பெற்றோரின் தாங்கும் தன்மை அவற்றுக்கும் வருகிறது. பல தலைமுறைகளுக்குப்பின் மருந்து பயனற்றுப்போகிறது. இங்கே எந்தக் கொசுவும் பாடம் கற்கவில்லை. முயன்று தன்னை மாற்றிக்கொள்ளவுமில்லை. வேறுபாடு முன்பே இருந்தது. சூழ்நிலை அதைத் தேர்ந்தெடுத்தது. இதுவே இயற்கைத் தேர்வு.

இது கற்பனைக் கணக்கு அன்று. நம் நாட்டில் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953-இல் தொடங்கியது. 1965-இல் நோயுற்றோர் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. நோய் ஒழிந்தது என்று மகிழ்ந்த வேளையில், 1976-இல் அது 64 லட்சமாக உயர்ந்தது. கண்காணிப்புத் தளர்ந்தது முதலிய காரணங்களும் உண்டு. எனினும் கொசுக்கள் பெற்ற எதிர்ப்பாற்றல் முக்கியமான காரணமாயிற்று. மருத்துவர் எழுதித் தந்த நுண்ணுயிர்க் கொல்லி மாத்திரையை முழுவதும் உண்ண வேண்டும் என்றும், மருத்துவர் சொல்லாமல் அதை வாங்கி உண்ணலாகாது என்றும் கூறுவது ஏன்? கிருமிகளிடத்தும் இதே தேர்வு நடக்கிறது. தாங்கும் கிருமிகளை நாமே வளர்த்துவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

வாழையடி வாழை

வேறுபாடே இல்லாவிட்டால் என்ன நேரும்? இக்கேள்விக்கு நம் மாவட்டத்துப் பயிராகிய வாழையே விடையளிக்கும்.

வாழையை மரம் என்கிறோம். தாவரவியலில் அது ஒரு பெரிய செடி. இஞ்சி, மஞ்சள், கல்வாழை ஆகியவை அதன் வரிசையைச் சேர்ந்த உறவினர். மஞ்சள் இலையையும் வாழையின் இளங்கன்றையும் அருகருகே வைத்தால் சாயல் புலப்படும். காட்டு வாழைகள் விதையுள்ளவை. மூசா அகுமினேட்டா, மூசா பால்பிசியானா என்ற இரு காட்டினங்களின் வழிவந்தவையே நம் பூவன், ரஸ்தாளி, நேந்திரன், கற்பூரவல்லி எல்லாம். இவற்றின் செல்களில் குரோமோசோம்கள் மூன்று தொகுதிகளாக, 33 உள்ளன. இரண்டு தொகுதியென்றால் சமமாகப் பிரியும்; மூன்றைச் சமமாகப் பங்கிடுவது எப்படி? ஆதலால் விதை உண்டாவதில்லை. பழத்தின் நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள், விதையாக முடியாமற்போன சூல்கள்.

விதையில்லாத வாழையைப் பக்கக்கன்றால் பெருக்குகிறோம். தாயும் கன்றும் ஒரே அச்சு. குலம் தழைக்க 'வாழையடி வாழையாக' என்று வாழ்த்துகிறோம். வாசலில் வாழை கட்டுகிறோம். ஆனால் ஒரு தோட்டத்து ரஸ்தாளிகள் யாவும் ஒன்றின் பிரதிகளாக இருப்பதால், ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தும். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் வரும் வாடல் நோய் ரஸ்தாளியை எளிதில் தாக்குகிறது. அதே நோய், ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்ட க்ரோ மிஷேல் என்ற வாழையை அமெரிக்கக் கண்டத்துத் தோட்டங்களில் அழித்தது. வணிகர் கேவெண்டிஷ் வகைக்கு மாறினர். நாம் கடையில் வாங்கும் மோரிஸும் ரொபஸ்டாவும் அவ்வகையே. இப்போது அப்பூஞ்சையின் புதிய வடிவம் கேவெண்டிஷையும் தாக்குகிறது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் அது காணப்பட்டுள்ளது. பூஞ்சை மாறிக்கொண்டேயிருக்கிறது; வாழையோ மாற வழியின்றி நிற்கிறது!

இதனால்தான், திருச்சி தாயனூரில் 1993-இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் பலவகை வாழைகளையும், உண்ண உதவாத காட்டு வாழைகளையும்கூடச் சேகரித்து வளர்க்கின்றனர். விதை நிறைந்த காட்டு வாழை, பழத்துக்கு ஆகாதுதான். நாளைய நோயைத் தாங்கும் பண்பு அதனிடம் இருக்கக்கூடும். பயனற்றது என்று நாம் ஒதுக்கும் உயிர் நம்மைக் காக்கும் உயிராகலாம்.

மனிதனும் மறையும்

"அப்படியானால் மனிதன் குரங்கிலிருந்து வந்தவனா?" என்று மாணவியர் கேட்பதுண்டு; பெற்றோர் சிலர் கவலைப்படுவதும் உண்டு. இன்றைய குரங்கு எதுவும் நம் பாட்டன் அன்று. ஒரே மூதாதையின் வழிவந்து, வேறு வேறு திசையில் பிரிந்துபோன பங்காளிகள் என்பதே சரி. நமக்கு மிக நெருங்கிய சிம்பன்சியின் வழியும் நம் வழியும் சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன.

இக்கொள்கை விசுவாசத்துக்கு விரோதமானது என்று அஞ்சவேண்டியதில்லை. மனித உடலின் தோற்றத்தைப் பரிணாம வழியில் ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் எழுதினார். ஆன்மாவோ இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுவது என்பதையும் வலியுறுத்தினார். பரிணாமம் ஒரு கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தார். உயிர்கள் எவ்வாறு இந்நிலைக்கு வந்தன என்று அறிவியல் சொல்கிறது. யாருடைய அன்பினால், எதற்காக என்று மறை சொல்கிறது. கேள்விகள் வேறு, ஆகவே விடைகள் மோதுவதில்லை.

வேறுபாடுகள் தலைமுறைக்குத் தலைமுறை எப்படிச் செல்கின்றன என்று டார்வினுக்குத் தெரியவில்லை. அதைக் கண்டவர் கிரகோர் மெண்டல் என்ற அகுஸ்தினார் சபைத் துறவி. புருனோ நகரின் மடத்துத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான பட்டாணிச் செடிகளை வளர்த்து, எண்ணிக் கணக்கிட்டு, 1866-இல் முடிவை வெளியிட்டார். 1900 வரை உலகம் அதைக் கவனிக்கவில்லை. நம் திருச்சியிலும் அவ்வழி வந்தவர் உண்டு. தூய வளனார் கல்லூரியில் சேசு சபைத் தந்தை கே.எம். மேத்யூ 1967-இல் உலர்தாவரக் காட்சியகத்தை ஏற்படுத்தி, தமக்கு முன் தாவரங்களைச் சேகரித்த தந்தை ராபினாவின் பெயரை அதற்குச் சூட்டினார். காடு மேடெல்லாம் நடந்து செடிகளைத் திரட்டி, அழுத்தி உலர்த்தி, பெயரும் இடமும் நாளும் குறித்து வைத்தார். அவ்வுழைப்பின் பயனாகத் தமிழகத்துக் கிழக்குப் பகுதியின் தாவரங்களைப் பற்றிய பெருநூல் 1981 முதல் பல பகுதிகளாக வெளிவந்தது. 2004-இல் அவர் மறைந்தார், அத்தாள்கள் இருக்கின்றன. ஒரு செடி நம் ஊரைவிட்டு மறைந்தால், அது இங்கே வாழ்ந்தது என்பதற்கு அவையே சாட்சி.

இன்னொன்றையும் மறக்கலாகாது. உலகத்து மக்கள் எல்லோரும் ஒரே சிற்றினம். எந்த இரு மனிதரை எடுத்தாலும் அவர்களின் மரபுப்பொருள் ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றே. நிறத்தாலோ சாதியாலோ ஒருவரை வேறு பிறவி என்று ஒதுக்க வகைப்பாட்டியலில் இடமே இல்லை. எஞ்சியுள்ள சிறு வேறுபாடோ நம் குலத்தின் செல்வம். வேறுபாடற்ற வாழைத்தோட்டம் படும் பாட்டை மேலே கண்டோம்.

எனவே மாணவியரே, இந்த விடுமுறையில் ஒரு குறிப்பேடு வாங்குங்கள். வீட்டைச் சுற்றியுள்ள செடிகளில் பத்தைத் தேர்ந்தெடுத்து, இலை அமைப்பு, இதழ்களின் எண்ணிக்கை, தாள்களின் எண்ணிக்கை, நாடிவரும் பூச்சி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பாட்டியிடம் பெயர் கேளுங்கள். எது எதற்கு உறவு என்று நீங்களே ஊகித்து, பிறகு ஆசிரியையிடம் சரிபாருங்கள். உறவென்று அறிந்த ஒன்றை எளிதில் வெட்டி எறிய மனம் வராது.